இரண்டாம் லைன் நிற்கவே இல்லை

நான் பதினாறு வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலையில் பாத்திரம் கழுவும் திரவம் செய்தார்கள். இதில் பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. காலி பாட்டில் வரும், திரவம் விழும், மூடி திருகும், லேபிள் ஒட்டும், பெட்டிக்குள் போய் உட்காரும். இதைவிட அதிகமாக யாராவது விளக்கினால் அவர் தலைமை அலுவலகத்து ஆள் என்று தெரிந்துகொள்ளலாம். லைன் இரண்டு. லைனுக்கு ஓர் உற்பத்திப் பொறியாளர். இரண்டாம் லைன் என்னுடையது.

ஒன்றாம் லைன்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் தீயணைப்பு. அவர் லைன் ஒரு நாளைக்கு நான்கு தடவை நிற்கும். நின்றதும் மணி அடிக்கும். மணி அடித்ததும் அவர் எங்கிருந்தாலும் ஓடி வருவார், சட்டைக் கையை மடித்துவிடுவார், இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொள்வார். பதினைந்து நிமிஷம் கழித்து எழுந்து வரும்போது அவர் கன்னத்தில் ஒரு கிரீஸ் கோடு இருக்கும். கிரீஸே இல்லாத இடத்தில் படுத்தாலும் அந்தக் கோடு வந்துவிடும், அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. லைன் ஓடும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள், யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

என் லைன் நிற்காது. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, நிற்காது. ஆரம்பத்தில் அதுவும் நின்றுகொண்டிருந்ததுதான். நான் ஒவ்வொரு நட்டாகப் பார்த்து, எது எந்த இடத்தில் இருந்தால் சரி என்று மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். நட்டு மேல் பாதி, இரும்பு மேல் பாதி. கோடு பிசகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், கண் இருக்கிற யாரும் பார்க்கலாம். அளந்து வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சரியான அளவுக்கு ஒரு மரக்கட்டை அறுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். லைன் முனையில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி நான்கு கட்டம் போட்டேன்: எத்தனை மணி, என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, யார் சரி பண்ணினது.

"என்னைக் கூப்பிடாதீங்க. பாத்தவங்க சரி பண்ணுங்க, பண்ணிட்டு எழுதுங்க. 'ஏன்'ங்கற கட்டத்தை மட்டும் காலியா விட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று சொல்லி வைத்திருந்தேன். என் கோபத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அந்தக் கட்டம் ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லை.

இப்படி யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான் இது.

ஒரு திங்கட்கிழமை பணியாளர் பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் படிவம். ஒருவர் இருமினால்கூட அதற்கு ஒரு படிவம் எடுத்து நீட்டுவார். இரண்டு லைனையும் இனி ஒரே பொறியாளர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்துவிட்டதாம். யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று 'திறன்மிக்க உற்பத்திப் பொறியாளரின் பன்னிரண்டு பண்புகள்' என்ற தாளை வைத்து மதிப்பெண் போடப்போகிறார்களாம். எனக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வயதில் வெளியே போய், நான் மஞ்சள் கோடு போடுவேன் என்று யாரிடம் சொல்வது?

"முதல்ல, பிரச்சினை தீர்க்கும் ஆற்றல். போன வருஷம் நீங்க தீர்த்த பெரிய பிரச்சினை மூணு சொல்லுங்க சார்" என்றார் படிவம்.

"பெரிய பிரச்சினை எதுவும் வரலையே."

"வந்தாத்தானே சார் தீர்க்க முடியும்?"

"வராம பாத்துக்கிட்டேன்."

அவர் தாளை மேலும் கீழும் தேடினார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார்."

அடுத்தது நெருக்கடியில் நிதானம். நான் நிதானமானவன்தான், நெருக்கடிதான் வரவில்லை என்றேன். நெருக்கடி இல்லாமல் நிதானத்தை எதில் அளப்பது என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதற்கடுத்து தலைமைப் பண்பு. குழுவினர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்களைத் தேடி வருகிறார்கள் என்று கேட்டிருந்தது. வருவதில்லை என்றேன். தீயணைப்புக்கு அதே கட்டத்தில் முப்பத்தெட்டு என்று எழுதியிருந்ததை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். தாளின் கடைசியில் 'ஆதாரமாகப் புகைப்படம் இணைக்கவும்' என்று இருந்தது. நின்றுபோகாத இயந்திரத்தை எந்தக் கோணத்தில் படம் எடுப்பது ஐயா?

"வியாழக்கிழமை இயக்குநர் அம்மா நேர்ல வர்றாங்க. ரெண்டு லைனையும் பாத்துட்டு அவங்களே மார்க் போடுவாங்க. அதுக்குள்ள ஏதாவது… நடந்தா நல்லாருக்கும் சார்" என்று படிவம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி சோற்றைப் போட்டபடியே நின்றுவிட்டாள். அவள் தம்பி, என் மச்சினன், அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தான். அன்றைக்கு என்று தனியாகச் சொல்வானேன், எல்லா நாளும்தான். விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை. வாயை வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் என் மனைவி ஒருத்திதான் விதிவிலக்கு என்று நான் அடிக்கடி சொல்வேன், அவளும் அடிக்கடி முறைப்பாள்.

"மாமா, அழுத பிள்ளைக்குத்தான் பால். உங்க லைன் அழவே மாட்டேங்குது. அப்புறம் யாரு திரும்பிப் பாப்பா?" என்றான் மச்சினன்.

"அதுக்குக் கிள்ளிவிடவா சொல்ற?"

"நான் சொல்லல. நீங்களே சொல்லிட்டீங்க."

"டேய், பேசாம சாப்பிடு" என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "இவரை வீட்ல உக்கார வெச்சா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும். ஏற்கெனவே அடுப்புத் திருகுல மஞ்சக் கோடு போட்டாச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா உப்பு டப்பாவுக்கு நூல் கட்டித் தொங்கவிடுவாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மோரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். மகள் கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருந்தாள். அந்த மோரைப் பார்த்த நிமிஷத்தில்தான் நான் கிள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். மச்சினனுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன். பதினாறு வருஷத்தில் நான் போட்ட திட்டங்களிலேயே இதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். யாருக்கும் அடிபடக் கூடாது. பொருள் வீணாகக் கூடாது. இயக்குநர் அம்மா பக்கத்தில் வரும்போது லைன் நிற்க வேண்டும், நான் ஓடிவந்து சரிசெய்ய வேண்டும். லேபிள் ஒட்டுகிற இடத்தில் பாட்டில் வருவதைப் பார்க்கிற ஒரு சின்ன மின்கண் உண்டு. அதைப் பிடித்திருக்கிற போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தித் திருப்பிவிட்டால் கண் வேறு பக்கம் பார்க்கும், லேபிள் வராது, அப்படிப் பத்துப் பாட்டில் போனால் லைன் நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சாமானியருக்கு அரை மணி நேரம் ஆகும், எனக்கு மூன்று நிமிஷம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இயக்குநர் அம்மா வந்தார். காலணிக்கு மேல் நெகிழி உறை போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். முதலில் ஒன்றாம் லைன். அவர் அங்கே காலை வைத்ததும் அது நின்றது. மணி கணகணவென்று அடித்தது. தீயணைப்பு ஓடினார். கொடுத்துவைத்த மனுஷன், அவர் லைனுக்கு எந்தத் திட்டமும் வேண்டியிருக்கவில்லை.

நான் இந்தப் பக்கம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மின்கண் அருகே போனேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். பெரியக்கா மட்டும் பின்பக்கம் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெரியக்கா என்பவர் எங்கள் லைனின் தலைவி. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் மொத்தத் தொழிற்சாலைக்கும் அவர் பெரியக்கா. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்துத்தான் அவருக்கு வேலை, அந்த மாதக் கடைசியில் மறுபடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதிகம் பேச மாட்டார். எண்ணிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை என்று நினைத்து, போல்ட்டைக் கால் சுற்று திருகி, கண்ணை ஒரு விரல் அகலம் திருப்பிவிட்டு நகர்ந்தேன்.

தூணுக்குப் பின்னால் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துக் கன்னத்தில் ஒரு கோடும் இழுத்துக்கொண்டேன்.

மூன்று பாட்டில் லேபிள் இல்லாமல் போனது. நான்காவது பாட்டில் லேபிளோடு போனது. எட்டிப் பார்த்தேன். பெரியக்கா மின்கண் அருகே நின்று மஞ்சள் கோட்டைப் பார்த்தார், கண்ணைப் பழைய பக்கம் திருப்பினார், நட்டு மேல் பாதி இரும்பு மேல் பாதி சேர்ந்த இடத்தில் திருகி இறுக்கினார், லேபிள் இல்லாத மூன்று பாட்டிலையும் எடுத்துத் திரும்ப வரிசையில் வைத்தார், பலகைக்குப் போய் எழுதினார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்தக் கோட்டை எந்தப் பாவி போட்டான் என்று எனக்குள் ஒருத்தன் பல்லைக் கடித்தான்.

ஒன்றாம் லைனில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது. நேரம் இருந்தது.

பாட்டில்கள் வரிசை பிசகாமல் போவதற்கு இரண்டு பக்கமும் கம்பி இருக்கும். ஒரு பக்கக் கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆஹா, மாட்டிக்கொண்டது என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். மூடி திருகுகிற இடத்தில் இருப்பவர் ஏதோ மெட்டு முனகிக்கொண்டே வந்தார், தொங்கிய மரக்கட்டையை எடுத்து இரண்டு கம்பிக்கும் நடுவில் செருகினார், கம்பியைக் கட்டையில் முட்டும்வரை தள்ளினார், திருகினார். முனகல்கூட நிற்கவில்லை. போகிற போக்கில் என்னைப் பார்த்து, "சார், கன்னத்துல கிரீஸ்" என்று துடைக்கிற துணியை நீட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவதாகவும் ஒன்று செய்தேன். அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூடி திருகும் இயந்திரத்துக்குப் போகிற காற்றைக் குறைத்தேன். காற்று குறைந்தால் மூடி லூசாக இருக்கும். காற்றழுத்தம் காட்டுகிற முள் பச்சைப் பட்டையை விட்டு இறங்கியது. பச்சைப் பட்டை நான் ஒட்டியது. அது இறங்கினால் யார் வேண்டுமானாலும் திறந்து ஏற்றலாம் என்று பக்கத்தில் எழுதி வைத்ததும் நான். பெரியக்கா வந்து ஏற்றினார். முள் பச்சைக்குள் போனது.

அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. தீயணைப்பு எழுந்துவிட்டார். இந்தப் பக்கம் பாட்டில்கள் சமர்த்தாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. ஒரு மனுஷன் பிழைப்புக்காகக் கெஞ்சுகிறானே, ஒரு பத்து நிமிஷம் நின்று தொலைக்கக் கூடாதா என்று அந்த இயந்திரத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

அவர்கள் வந்தார்கள். இயக்குநர் அம்மா, படிவம், பின்னால் கன்னத்தில் கோடோடு தீயணைப்பு. அம்மா என் லைனை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். நடந்தார். திரும்பி வந்தார். பார்க்க ஒன்றும் இல்லாதவர்கள் எதைப் பார்ப்பார்களோ அதைப் பார்த்தார், அதாவது பலகையை.

"இன்னிக்குக் காலையிலேர்ந்து மூணு கோளாறு. ஒன்பது நாப்பது, ஒன்பது நாப்பத்தாறு, ஒன்பது ஐம்பத்தொண்ணு" என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் நின்றது. "மூணுக்கும் 'ஏன் ஆச்சு' காலியா இருக்கே?"

எட்டிப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டம் காலி. ஒன்றல்ல, மூன்று.

"யார் எழுதினது?"

"ரெண்டு நான். நடுவுல இருக்கறது மூடி திருகறவரு. 'ஏன்' எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் பெரியக்கா.

"காரணம் தெரியலையா?"

தெரியவில்லை என்று பெரியக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தெரிந்ததைத் தெரியாது என்று அந்தப் பலகைக்கு முன்னால் சொல்லக் கூடாது என்று ஒரு கோபக்காரன் ஆறு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தானே. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி எண்ணும்போது அவர் தலையைத் தூக்கியிருக்கிறார்.

"பதிவேட்டைச் சரியா எழுதாததுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கலாம் மேடம்" என்று படிவம் பையைத் திறந்தார். "இவங்க ஒப்பந்தம் வேற இந்த மாசம் முடியுது. ரெண்டையும் சேர்த்தே பாத்துடலாம்."

அவர் ஒரு தாளை உருவினார். எந்தத் தாள் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தேட வேண்டியிருக்கவே இல்லை.

நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. யோக்கியனாக இருந்திருந்தால் காலையில் ஸ்பேனரைத் தொட்டிருக்க மாட்டேன். ஒரு நொடி, உண்மையாகவே ஒரு நொடி, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசித்தேன். மோர் சிந்திய கை கண்ணுக்குள் வந்தது. பெரியக்கா வீட்டிலும் யாரோ யாருக்கோ மோர் ஊற்றுவார்கள் என்பதும் கூடவே வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. போய்ப் பேனாவை எடுத்து, மூன்று கட்டத்திலும் 'நான்', 'நான்', 'நான்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

"நான்தான் திருகிவிட்டேன். மூணையும்" என்றேன்.

தீயணைப்பு வாயைப் பிளந்தார். படிவத்தின் கையில் இருந்த தாள் இதற்குப் பொருந்தாது என்பதால் அவர் தவித்தார்.

"எதுக்கு?" என்றார் இயக்குநர் அம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"லைன் நின்னாத்தான் மேடம் மார்க். என் லைன் நிக்காது. அதனால நிறுத்திப் பார்த்தேன்."

"நின்னுதா?"

"நிக்கலை" என்றேன். அவமானத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு திமிர் வந்துவிட்டது. "நானே கெடுத்தும் நிக்கலை மேடம். மூணு தடவையும் என்கிட்ட யாரும் வரலை. அவங்களே பாத்தாங்க, அவங்களே சரி பண்ணிட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மஞ்சள் கோடுகளைப் பார்த்தார், தொங்குகிற கட்டைகளைப் பார்த்தார், பச்சைப் பட்டையைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். "அருமை" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவருக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "கவலப்படாதே, அந்தம்மாவுக்குத் தொழில் தெரியுது" என்றுகூடச் சொன்னேன். மச்சினனுக்கு நானே கூப்பிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

மறுவாரம் படிவம் ஓர் உறையை நீட்டினார்.

"உங்க செயல்முறை விளக்கம் அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார். தலைமை அலுவலகம் முழுக்க அதைத்தான் பேசறாங்களாம்" என்றார்.

பிரித்துப் படித்தேன். போல்ட் பற்றியோ, காற்று பற்றியோ, நான் செய்த அயோக்கியத்தனம் பற்றியோ ஒரு வரி இல்லை. 'இரண்டாம் லைன் பொறியாளர் இல்லாமலேயே தடையின்றி இயங்கக்கூடியது என்பது தங்களால் நேரடியாக நிரூபிக்கப்பட்டுள்ளது. அவ்வாறே ஒன்றாம் லைன் பொறியாளர் இல்லாமல் ஒரு மணி நேரமும் இயங்காது என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே' என்று இருந்தது. ஆகவேக்குப் பிறகு என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"என் மார்க் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தாறுக்கு இருபத்தொண்ணு சார்."

"உண்மையைச் சொன்னதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா?"

"நேர்மையைப் பதிமூணாவதா போட்டிருந்தோம் சார். தாள்ல இடம் பத்தலை" என்றார் படிவம். அவர் கண் கலங்கியிருந்தது. விடைபெறும் படிவத்தில் நான் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெரியக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்தச் சண்டாளக் கட்டடத்தில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்ல சேதி அது ஒன்றுதான்.

லைனைத் தீயணைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"இங்க நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க" என்றேன்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் என் தொழில் ரகசியம் முழுவதையும் நான் அந்த இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியவில்லை. லைனில் யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. பெரியக்கா முகத்தைப் பார்க்க முடியாது என்பதால் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்தேன். முதல் வாரம் குழாய்க்குக் கோடு போட்டேன். இரண்டாம் வாரம் துணி காயப்போடும் கொடிக்கு. மூன்றாம் வாரம் மனைவி பெயின்ட் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள். "வேலை தேடுங்க, இல்ல அழுங்க. ரெண்டும் பண்ணாம இப்படிச் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். வேலை தேடினேன். போன இடத்தில் எல்லாம், முந்தைய வேலையில் நீங்கள் தீர்த்த பெரிய பிரச்சினை மூன்று சொல்லுங்கள் என்றார்கள். ஆகவே இரண்டாவதைச் செய்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது மனைவி துண்டை நீட்டினாள்.

ஒரு நாள் மத்தியானம் பெரியக்கா போன் செய்தார். சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது, பின்னால் தட்டு சத்தம் கேட்டது.

"சார், சாப்டீங்களா?"

"ம். நீங்க?"

"ஆச்சு சார். இன்னியோட நீங்க போயி நாப்பத்தோரு நாள். லைன் ஒரு தடவை கூட நிக்கலை சார்."

சந்தோஷம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பெற்ற பிள்ளை நம் உதவியில்லாமல் நடந்துவிட்டதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே அழுகிற மாதிரி இருந்தது.

"ஒண்ணாம் லைன் சார் நம்ம பலகை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அவரு பொறுப்பெடுத்த பிறகு இந்த லைன் நிக்கறதே இல்லன்னு மீட்டிங்ல கைதட்டினாங்களாம்."

"தட்டுவாங்க. கை இருக்குல்ல, தட்டட்டும்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், அன்னிக்கு நீங்க திருகினதை நான் பாத்தேன். எதுக்குன்னு புரியலை. புரிஞ்சிருந்தா நான் கைவெச்சிருக்கவே மாட்டேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தீங்கன்னா நாங்களே நிறுத்தியிருப்போமே சார்."

இரண்டு நாள் மூளையைக் கசக்கித் திட்டம் போட்டவனுக்கு, லைனில் நிற்கிறவர்களிடம் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. என்னிடம் எதையும் கேட்க வேண்டியதில்லாத மாதிரி அவர்களைப் பழக்கிவிட்டு, அவர்களுக்கு என்மேல் பிரியம் இருக்குமா என்றுகூட நான் யோசித்ததில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை சார். நாங்க எல்லாரும் பேசிட்டோம். எதைத் தொட்டா நிக்கும்னு எங்களுக்குத் தெரியாததா? ரெண்டு நாள் நின்னுச்சுன்னா உங்களைக் கூப்பிடாம அவங்களுக்கு வேற வழியில்லை. நிறுத்தட்டுமா சார்? சொல்லுங்க."

மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் என்ன பேச்சு என்று அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் வேணும் என்றும் தலையாட்டவில்லை, வேணாம் என்றும் தலையாட்டவில்லை. சரி என்று ஒரு வார்த்தை. திங்கட்கிழமை நான் பழைய இடத்தில் நிற்கலாம், கன்னத்தில் கோடு போட்டுக்கொண்டு.

"'ஏன் ஆச்சு'ன்னு என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தட்டு சத்தம் மட்டும் வந்தது.

"காலியா விட்டுடுவோம் சார்" என்றார் பெரியக்கா கடைசியில். சொல்வதற்கு அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று எனக்குக் கேட்டது.

"வேணாம்" என்றேன். "வேணாம்மா. ஓடட்டும்."

"சரிங்க சார்."

போனை வைத்துவிடுவாரோ என்று பயந்து அவசர அவசரமாக ஏதாவது சொல்லத் தேடினேன். "அந்த மின்கண் போல்ட். அன்னிக்கு நான் அவசரத்துல திருகினதுல மரை கொஞ்சம் தேஞ்சிருக்கும். இன்னும் ரெண்டு மாசத்துல அது தானா நழுவ ஆரம்பிக்கும். அதை மட்டும் மறக்காம மாத்திடுங்க."

"அதை அன்னிக்கு மத்தியானமே மாத்திட்டோம் சார்" என்றார் பெரியக்கா.